படிகங்களைப் பயின்ற கே. எஸ். கிருஷ்ணன்

டில்லியில் பூசாப் பக்கம் பஸ்ஸில் போய் வருகிற நம் சங்கத்து அன்பர்கள் டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன் மார்க் என்ற பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பார்கள். அந்தக் கிருஷ்ணன் யார் என்று சென்ற மாதம் ஹாஸ்டலில் பத்துப் பேரைக் கேட்டேன். இருவர் பழைய மந்திரி என்றார்கள். ஒருவர் கிருஷ்ண மேனனோடு குழப்பிக்கொண்டார். ஒருவர் மட்டும் ராமனுடைய சிஷ்யர் என்றார். பௌதிகம் படிக்கிற மாணவர்களே இப்படி இருந்தால் மற்றவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? எனக்கும் அவர் பெயர் தெரிந்தது ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையின் அடியில் பார்த்துத்தான். பிறகு விசாரித்தபோது அவர் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர் என்று தெரிந்தது. வேலை தேடியும் படிப்புத் தேடியும் வடக்கே வந்து சேர்ந்த நமக்கெல்லாம் முன்னோடி அவர்.

கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் 1898-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் தேதி வத்திராயிருப்பில் பிறந்தார். மேற்கு மலைத் தொடரின் அடிவாரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகில், வயலும் கண்மாயும் சூழ்ந்த ஊர் அது. தகப்பனார் பயிர்த் தொழில் செய்தவர். தமிழிலும் வடமொழியிலும் நல்ல பயிற்சியுள்ளவர். வீட்டில் கேட்ட செய்யுளும் கதையும் மகனுக்குக் கடைசிவரை துணையிருந்தன. பிற்காலத்தில் அவரோடு பழகியவர்கள் அவருடைய விஞ்ஞானத்தைப் போலவே இலக்கிய ரசனையையும் நினைவு வைத்திருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் உயர்நிலைப் படிப்பு; பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி; அதன்பின் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி.

பட்டம் பெற்றதும் ரசாயனப் பகுதியில் டெமான்ஸ்டிரேட்டர் வேலை கிடைத்தது. மதிய இடைவேளையில் மாணவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, பௌதிகமோ ரசாயனமோ கணிதமோ, யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்லுவாராம். பக்கத்துக் கல்லூரி மாணவர்களும் சாப்பாட்டு வேளையில் அங்கே வந்து உட்காருவார்களாம். உத்தியோகத்தில் சேர வேண்டிய எந்தக் கட்டாயமும் இல்லாத இந்த வகுப்பைத்தான் அவருடைய முதல் சாதனையாக நான் கருதுகிறேன்.

1920-ல் அவர் கல்கத்தா சென்றார். அங்கே ராமன் இருந்தார் என்பதே காரணம். விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் அவருக்குக் கிடைத்த பொருள் திரவங்களில் ஒளிச் சிதறல். இதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஏனெனில் அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சியின் விதை இங்கேதான் விழுந்தது.

ஒரு பொருள் முழுவதும் அணுவுக்கு அணு ஒரே சீராக இருக்குமானால் அதனுள் செல்லும் ஒளி பக்கவாட்டில் சிதறாது. ஓர் அணு சிதறியதை மற்றோர் அணு சிதறியது அழித்துவிடும். ஆனால் திரவத்தில் மூலக்கூறுகள் ஓயாமல் அலைகின்றன. ஒரு கணம் இங்கே நெருக்கம், அங்கே தளர்ச்சி. இந்தச் சீர்கேடுதான் ஒளியைச் சிதறச் செய்கிறது. ஸ்மோலுகாவ்ஸ்கியும் 1910-ல் ஐன்ஸ்டைனும் இதைக் கணக்காக எழுதினார்கள். ஆகவே சிதறிய ஒளியை அளந்தால் உள்ளே எவ்வளவு ஒழுங்கு குலைந்திருக்கிறது என்பதை அறியலாம். கிருஷ்ணன் அறுபதுக்கும் மேற்பட்ட திரவங்களை எடுத்து, தூசு நீங்க வடித்து, ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். தூசு ஒரு துளி இருந்தாலும் கணக்குப் பொய்த்துவிடும். பொறுமை என்றால் என்ன என்பதை இந்த வேலையைச் செய்தவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

1928-ஆம் ஆண்டுக் கதை அன்பர்களுக்குத் தெரியும். கொஞ்ச காலமாகக் கொள்கைக் கணக்கிலேயே மூழ்கியிருந்த கிருஷ்ணனை ராமன் மீண்டும் பரிசோதனை மேசைக்கு இழுத்தார். பிப்ரவரி முழுவதும் இருவரும் சூரிய ஒளியை வண்ணக் கண்ணாடிகள் வழியாகச் செலுத்தித் திரவங்களை நோக்கினார்கள். சிதறிய ஒளியில் வந்த நிறத்தைத் தவிர வேறொரு நிறமும் கலந்திருந்தது. மார்ச் 31-ஆம் தேதி நேச்சர் பத்திரிகையில் வெளிவந்த புதிய கதிர்வீச்சுப் பற்றிய குறிப்பில் ராமன், கிருஷ்ணன் என்ற இரண்டு பெயர்களும் இருக்கின்றன. 1930-ல் நோபல் பரிசு ராமன் ஒருவருக்கே கிடைத்தது. விளைவுக்கும் அவர் பெயரே நிலைத்தது.

இதைப் பற்றி நம்மவர்கள் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். பங்கு எவ்வளவு, நியாயம் எது என்று. ராமனுடைய தலைமையும் பல ஆண்டுத் திட்டமும் இன்றி அந்தக் கண்டுபிடிப்பு இல்லை. மேசையில் நின்ற கிருஷ்ணனுடைய கண்ணும் கையும் இன்றியும் அது அந்த மாதத்தில் வந்திருக்காது. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் கிருஷ்ணனைப் பரிசு கிடைக்காதவர் என்ற ஒரே சட்டத்துக்குள் மாட்டி வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அப்பொழுது அவருக்கு வயது 29. அவருடைய சொந்த வேலை இன்னும் தொடங்கவே இல்லை.

1928-ன் இறுதியில் அவர் டாக்கா பல்கலைக் கழகத்துக்கு ரீடராகச் சென்றார். சத்யேந்திரநாத் போஸ் பௌதிகப் பேராசிரியராக இருந்த இடம் அது. ஒளியை விட்டுக் காந்தத்துக்கு வந்தார். திரவத்தை விட்டுப் படிகத்துக்கு வந்தார். சீர்கேட்டைப் படித்தவர் சீரைப் படிக்கப் புறப்பட்டார் என்று சொல்லலாம்.

படிகம் என்றால் அணுக்கள் வரிசை தவறாமல் அடுக்கப்பட்ட பொருள். உப்பும் கற்கண்டும் படிகங்களே. அப்படி அடுக்கிய பொருளில் எல்லாத் திசைகளும் சமமல்ல. காந்தப் புலத்தில் வைத்தால் ஒரு திசையில் ஒரு விதமாகவும் மற்றொரு திசையில் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும். இந்த வேற்றுமை மிகச் சிறியது. அதை அளக்க அவரும் அவருடைய தோழர்களும் கண்ட முறை அழகானது. மெல்லிய குவார்ட்ஸ் இழையில் ஒரு சிறு படிகத்தைத் தொங்கவிடுவார்கள். சீரான காந்தப் புலத்தில் அது தனக்குப் பிடித்த திசையில் நின்றுகொள்ளும். இழையின் மேல்நுனியை மெல்ல மெல்ல முறுக்குவார்கள். படிகம் பிடிவாதமாகப் பழைய திசைக்கு அருகிலேயே நிற்கும். முறுக்கு ஓர் எல்லையைத் தொட்டதும், படிகம் 45 பாகை திரும்பிய அளவில், சட்டென்று குப்புறச் சுழன்றுவிடும். அந்தக் கணத்தில் இழை எத்தனை சுற்று முறுக்கேறியிருந்தது என்று பார்த்தால் போதும். காந்த வேற்றுமையின் அளவு கையில் வந்துவிடும். விலை உயர்ந்த கருவி ஒன்றும் வேண்டியதில்லை.

இதனால் என்ன லாபம் என்று கேட்கலாம். துணிப் பெட்டியில் போடுகிற அந்துருண்டையில் நாப்தலீன் இருக்கிறது. அதன் மூலக்கூறு தட்டையானது. தட்டுக்குச் செங்குத்தான திசையில் காந்தத்தை அது மிகுதியாக எதிர்க்கும். படிகம் முழுவதும் எந்தத் திசையில் எவ்வளவு எதிர்க்கிறது என்று அளந்துவிட்டால், உள்ளே தட்டுகள் எப்படிச் சாய்ந்து கிடக்கின்றன என்று கணக்கிட்டுவிடலாம். எக்ஸ் கதிர் கொண்டு படிக அமைப்பைக் கண்டறிய அந்நாளில் மாதக் கணக்கில் உழைக்க வேண்டும். அந்த உழைப்புக்கு இந்த அளவு வழிகாட்டிற்று. லண்டனில் படிக ஆராய்ச்சியில் புகழ்பெற்ற கேத்லீன் லான்ஸ்டேலும் கிருஷ்ணனும் சேர்ந்து 1936-ல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். கிருஷ்ணன் மறைந்தபின் ராயல் சொசைட்டிக்காக அவருடைய வாழ்க்கையை எழுதியவர்களில் இந்த அம்மையாரும் ஒருவர்.

1933-ல் கல்கத்தாவுக்கே மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகத் திரும்பினார். அங்கே கையில் எடுத்த படிகங்களில் முக்கியமானது கிராபைட். நாம் பென்சிலில் வைத்து எழுதுகிற பொருள்தான். கரி அணுக்கள் அறுகோணம் அறுகோணமாகக் கைகோத்து ஒரு தளமாகும். தளத்தின் மேல் தளமாக, அப்பளத்தை அடுக்கியது போல் இருக்கும். தளத்துக்குள் பிணைப்புப் பலமானது. தளத்துக்கும் தளத்துக்கும் இடையில் பலவீனமானது. அதனால்தான் காகிதத்தில் தேய்த்தால் உரிந்து ஒட்டிக்கொள்கிறது. தளத்துக்குச் செங்குத்தாக இந்தப் பொருள் காந்தத்தை எதிர்ப்பது வேறெந்தத் திசையையும்விடப் பல மடங்கு அதிகம். மின்சாரமோ தளத்தோடு ஓடுவது, தளத்தைக் கடந்து ஓடுவதைவிடப் பல ஆயிரம் மடங்கு எளிது. கிருஷ்ணனும் கங்குலியும் 1939-லும் 1941-லும் இவற்றை வெளியிட்டார்கள். தளத்துக்குள் எலெக்ட்ரான்கள் வாயுவைப் போலத் திரிகின்றன என்று வைத்துக்கொண்டு, உஷ்ணநிலை மாறும்போது காந்த எதிர்ப்பு எப்படி மாறும் என்று கணக்கிட்டு அளவோடு பொருத்தினார்கள்.

அந்தப் படம் முழுவதும் சரியென்று நிலைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1947-ல் வாலஸ் என்பவர் கிராபைட்டின் எலெக்ட்ரான் நிலைகளைக் குவாண்டம் முறையில் கணக்கிட்டார். தாராளமாகத் திரியும் எலெக்ட்ரான்கள் கிருஷ்ணன் நினைத்த அளவுக்கு இல்லை, மிகமிகச் சிலவே என்று பின்னர் தெளிவாயிற்று. ஆனால் தளத்துக்குள் அடைபட்ட எலெக்ட்ரான்களைத் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் வீண்போகவில்லை. 2004-ல் மான்செஸ்டரில் கெய்மும் நோவோசெலோவும் பசை நாடாவால் கிராபைட்டை உரித்து உரித்து ஒற்றைத் தளத்தையே பிரித்தெடுத்தார்கள். 2010-ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

1940-ல் ராயல் சொசைட்டி அவரை அங்கத்தினராக்கிற்று. 1942-ல் அலகாபாத் சென்றார். என் மனத்தைக் கவர்ந்த வேலை இங்கேதான் நடந்தது. பாட்டியா என்ற மாணவரோடு அவர் எடுத்துக்கொண்ட கேள்வி இது: செம்பிலும் வெள்ளியிலும் மின்சாரத்துக்குத் தடை ஏன் உண்டாகிறது?

எலெக்ட்ரான் அணுக்களின் மேல் இடறி விழுந்து ஓடுகிறது, அதனால் தடை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அது தவறு. எலெக்ட்ரானுக்கு அலைத் தன்மை உண்டு. அணுக்கள் பிசகின்றி அடுக்கியிருந்தால் அந்த அலை அத்தனை அணுக்களுக்கும் இடையில் தடையின்றிப் போய்விடும். தடை வருவது அணுக்களால் அல்ல, அணுக்கள் வரிசை தவறுவதால். உஷ்ணத்தில் அவை நடுங்குகின்றன. நடுக்கம் வரிசையைக் குலைக்கிறது. குலைந்த இடத்தில் அலை சிதறுகிறது. இதைக் கேட்டதும் அன்பர்களுக்குக் கல்கத்தாத் திரவங்கள் நினைவுக்கு வரவில்லையா? கிருஷ்ணனுக்கு வந்தது. ஒளி திரவத்தில் சிதறுவதற்கு எந்தக் கணக்கோ, எலெக்ட்ரான் உலோகத்தில் சிதறுவதற்கும் அதே கணக்கு என்று கண்டார். உருகிய உலோகங்களுக்கும் அதையே பொருத்தினார்கள். 1961-ல் ஸைமன் என்ற ஆங்கிலேயர் திரவ உலோகங்களுக்கு எழுதிய புகழ்பெற்ற கொள்கைக்குக் கிருஷ்ணன், பாட்டியா வேலை முன்னோடி. இருபது ஆண்டுகளுக்கு முன் புட்டியில் பார்த்ததை உலோகத்துக்குள் அடையாளம் கண்டுகொண்டாரே, அந்த ஒரு பார்வைக்காகவே அவரைக் கொண்டாடலாம்.

1946-ல் ஸர் பட்டம். 1947-ல் டில்லியில் அமையவிருந்த தேசியப் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தின் முதல் டைரக்டர். அவ்வாண்டு ஜனவரி 4-ஆம் தேதி ஜவாஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1950 ஜனவரி 21-ஆம் தேதி சர்தார் படேல் கூடத்தைத் திறந்துவைத்தார். நாட்டுக்கு ஒரு மீட்டர் எவ்வளவு, ஒரு கிலோ எவ்வளவு என்று நிர்ணயிப்பது அந்தக் கூடத்தின் பொறுப்பாயிற்று. 57-ஆம் எண் கொண்ட பிளாட்டினக் கலவைக் கிலோக் கட்டி அங்கே பாதுகாக்கப்பட்டது. வீசையும் மணங்கும் சேரும் போய்க் கிலோ வந்ததற்குப் பின்னால் இந்தக் கட்டி நின்றது. 2019-ல் கிலோவின் வரையறையே மாறி, கட்டிகளுக்கு இருந்த பழைய பெருமை குறைந்துவிட்டது. அது வேறு கதை.

டைரக்டர் பதவி என்பது ஃபைல்களின் பதவி. கட்டடம், ஆள் சேர்ப்பு, பார்லிமெண்டுக் கேள்வி, கமிட்டி. 1948-ல் அமைந்த அணுசக்திக் கமிஷனின் மூன்று அங்கத்தினர்களில் அவர் ஒருவர். மற்றவர்கள் பாபாவும் பட்நாகரும். ஐம்பதை எட்டும் வயதில் ஒரு விஞ்ஞானி இப்படிப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்தால் ஆராய்ச்சி முடிந்தது என்று பொருள். அலகாபாத்தில் நன்றாக முளைத்திருந்த வேலையை விட்டு அவர் வந்திருக்க வேண்டுமா என்று எனக்குச் சில சமயம் தோன்றும். பாட்டியாவைப் போல் இன்னும் நாலு பேர் அங்கே உருவாகியிருப்பார்களே என்ற ஆதங்கம்தான். ஆனால் புதிதாக விடுதலை பெற்ற நாட்டில் கூடங்களைக் கட்டவும் யாராவது வேண்டியிருந்தது. அவர் வந்தார், வந்து ஆராய்ச்சியையும் விடவில்லை.

டில்லியில் ஜெயின் என்ற இளைஞரோடு அவர் செய்த பரிசோதனை, படிகத்தின் மேற்பரப்பில் வேலை செய்கிற என் போன்றவர்களுக்கு நெருக்கமானது. ஒரு பொருளை வெற்றிடத்தில் பழுக்கக் காய்ச்சினால் அதன் மேற்பரப்பிலிருந்து எலெக்ட்ரான்கள் ஆவி போல் வெளியேறும். பழைய ரேடியோ வால்வுகள் வேலை செய்தது இதனால்தான். ஆனால் எத்தனை எலெக்ட்ரான் வரும் என்று அளக்கப் போனால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விடை கிடைக்கும். காரணம் மேற்பரப்பு. உள்ளே ஒழுங்காக இருக்கிற படிகம், வெளித்தோலில் படியும் பள்ளமுமாக, அழுக்கும் ஒட்டிய வாயுவுமாக இருக்கும். உள்ளிருந்து வருகிற எலெக்ட்ரானில் ஒரு பகுதியைத் தோல் திருப்பி அனுப்பிவிடும்.

கிருஷ்ணன் மேற்பரப்பைத் தேய்த்துக்கொண்டிருக்கவில்லை. கிராபைட்டாலேயே ஒரு குடுவை செய்து, அதில் ஊசித் துவாரம் போட்டுக் காய்ச்சினார். குடுவைக்குள் எலெக்ட்ரான் ஆவி நிரம்பிச் சமநிலைக்கு வந்துவிடும். சுவர் ஒன்றைத் திருப்பி அனுப்பினால் இன்னொரு சுவர் அதை மறுபடி அனுப்பும். யார் எத்தனை திருப்பினாலும் நடுவில் இருக்கிற ஆவியின் அடர்த்தி மாறாது. துவாரத்தின் வழியே கசிகிறதை அளந்தால் போதும். வெயிலில் நின்று பார்த்தால் வீட்டு ஜன்னல், உள்ளே சுவருக்கு என்ன வண்ணம் பூசியிருந்தாலும், கறுப்பாகவே தெரிகிறதல்லவா? அதே தத்துவம். 1952-ல் இது ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் வந்தது.

மேற்பரப்பு செய்கிற குறும்பை நான் பட்டு அறிந்திருக்கிறேன். நயோபியம் டைசெலினைடு என்ற படிகத்தை எங்கள் கூடத்தில் ஆராய்கிறோம். கிராபைட் போலவே அதுவும் அடுக்குப் படிகம். 33 கெல்வினுக்குக் கீழே குளிர்த்தினால் அதன் எலெக்ட்ரான்கள் தாமாகவே அணிவகுத்து, வயலில் பாத்தி கட்டியது போல் ஓர் ஒழுங்கான அலைக்கோலத்துக்கு வந்துவிடும். அணுக்களையே காட்டும் ஊசி நுண்பெருக்கியில் அந்தக் கோலத்தைக் கண்ணால் பார்க்கலாம். சென்ற குளிர்காலத்தில் அவசரத்தில் படிகத்தை வெளிக்காற்றில் உரித்து, சற்று நேரம் அப்படியே வைத்துவிட்டேன். இரவு முழுவதும் விழித்திருந்தும் கோலம் தெரியவில்லை. அணுக் குறைந்த பள்ளங்களும் காற்று படிந்த திட்டுகளுமே தெரிந்தன. திரவ ஹீலியம் செலவானதுதான் மிச்சம்.

என் வழிகாட்டி கோபிக்கவில்லை. குறைகளை வெறுக்காதே, அவற்றைச் சுற்றிலும் பார் என்று மட்டும் சொன்னார். அப்பொழுது எனக்கு விளங்கவில்லை. பிறகு ஒழுங்காக உரித்த படிகத்தில் பார்த்தபோது விளங்கிற்று. ஓர் அணு இடம் தவறிய இடத்தில் எலெக்ட்ரான் கோலம் அங்கேயே கட்டுண்டு நிற்கிறது. 33 கெல்வினுக்கு மேலே, மற்ற இடங்களிலெல்லாம் கோலம் கலைந்த பிறகும், குறையுள்ள அணுவைச் சுற்றி மட்டும் சிறு சிறு திட்டுகளாக அது மிஞ்சுகிறது. ஒழுங்கைக் கெடுப்பது என்று நாம் நினைக்கிற குறையே ஒழுங்கைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது! கிராபைட்டின் மேற்பரப்பிலும், குறையைச் சுற்றி எலெக்ட்ரான் அலைகள் குளத்தில் கல்லெறிந்தாற்போல் பரவி நிற்பதை நுண்பெருக்கி காட்டும். இந்தக் கருவி பிறந்தது 1981-ல். கிருஷ்ணன் அதைப் பார்க்கவில்லை. அணுவின் வரிசை குலைந்தால் எலெக்ட்ரான் அலை என்ன செய்யும் என்பதை அவர் காகிதத்திலும், இழையின் முறுக்கிலும், ஊசித் துவாரத்தின் கசிவிலுமே தேடினார்.

1954-ல் பத்ம பூஷண் வந்தது. விஞ்ஞானிகளுக்கான பட்நாகர் பரிசு 1958-ல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் அவரே. அவர் டில்லியை விட்டு வேறெங்கும் போகவில்லை. 1961 ஜூன் மாதத்தில், டைரக்டராக இருக்கும்போதே, 62-ஆம் வயதில் இங்கேயே காலமானார். கூடத்தின் வாசலில் ஓடும் சாலைக்குப் பின்னர் அவர் பெயரை வைத்தார்கள். பூசாப் பஸ்ஸில் இடது பக்கத்து ஜன்னலோரம் இடம் கிடைத்தால் பலகை நன்றாகத் தெரியும்.